மட்டக்குச்சிக்காக உடைந்த வீடு

சமேஷிமாவைப் போல ஒரு முரடனை நான் பார்த்ததில்லை. எங்கள் இபுசுக்கி ஊரில் அவனிடம் அடி வாங்காத கொத்தன் குறைவு. என் முன்பல் இரண்டும் அவன் கையால் போனவைதான்.

அவன் தச்சன். கறையான் மருந்து என்றாலே அவனுக்குக் கொலைவெறி வரும். தரைக்கடியில் அடித்த மருந்து நெடியில் மூச்சு முட்டி முட்டித்தான் அவன் மனைவி செத்தாள். அதற்கப்புறம் மருந்தில்லாத வீடு மட்டுமே கட்டினான். கறையான் ஏறாதபடி அஸ்திவாரத்தை உயர்த்தி, மேலே செம்புத் தகடு போர்த்தி, குழாய் நுழையும் துளையில்கூட எஃகு வலை சுற்றுவான்.

மிட்சுயோ அக்கா ஆஸ்துமாக்காரி. "மருந்து வாடை பட்டா நான் செத்தேன் தம்பி" என்று சொல்லித்தான் அவனிடம் தன் புது வீட்டு வேலையை ஒப்படைத்தாள். காங்கிரீட் என் வேலை.

உத்தரம் ஏற்றிய நாள். சடங்காகக் கூரையிலிருந்து வீசும் மொச்சி என்னும் அரிசி உருண்டைகளைப் பிடிக்க அக்கம்பக்கமே திரண்டிருந்தது. தரைச் சட்டங்களுக்குக் கீழே ஊர்ந்து பார்த்துவிட்டு வந்த சமேஷிமாவின் முகம் கறுத்திருந்தது.

"டேய் கியோஷி, மட்டக்குச்சிய ஏன்டா உள்ளயே விட்ட?"

மட்டம் பார்க்க மண்ணில் அடிக்கும் மரக்குச்சி அது. காங்கிரீட் இறுகுமுன் பிடுங்க வேண்டும். நான் சோம்பேறித்தனத்தில் தலையை அறுத்துவிட்டு மேலே பூசியிருந்தேன். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்வோம். பூச்சு உதிர்ந்து மரம் தெரிந்துவிட்டது. கறையான் அதைப் பிடித்து நேரே வீட்டுக்குள் ஏறிவிடும்.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே. ரெண்டு சொட்டு மருந்து விட்டா ஆச்சு. அக்காவுக்குத் தெரியவா போகுது?"

சொல்லி வாய் மூடுமுன் குத்து விழுந்தது. பல்லும் ரத்தமும் கையில் வந்தன. நானும் விடுவேனா? மண்வெட்டிக் காம்பால் அவன் மண்டையைப் பிளந்தேன். ரத்தம் ஒழுக ஒழுக அவன் சம்மட்டியைத் தூக்கி அந்த இடத்துக் காங்கிரீட்டை அடித்து நொறுக்கினான். கூட்டம் அலறி ஓடியது.

"நல்ல நாளும் அதுவுமா என் வீட்டை உடைக்கிறியே, பாவி!" என்று கத்தினாள் மிட்சுயோ அக்கா.

சமேஷிமா குச்சியைப் பிடுங்கி அவள் காலடியில் எறிந்தான். குச்சிக்குள் வெள்ளை வெள்ளையாகக் கறையான் நெளிந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இழுத்தது. "இது ஒண்ணுதானா தம்பி?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த இழுப்பைக் கேட்டபின் முடியவில்லை.

"நாலு."

சமேஷிமா கையை ஓங்கினான். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். விழவில்லை. என் நெஞ்சில் சம்மட்டியைத் திணித்தான்.

"மிச்சம் மூணையும் நீயே உடைடா நாயே."

உடைத்தேன்.