அல் கூஸ் சேற்றில் ஓர் ஆட்டம்

துபாயில் மழைத் தண்ணீரை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் சாயல்குடிப் பக்கம் தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடுவோம். இங்கே லாரி வந்து, தெருவில் தேங்கிய மழையைக் குழாய் போட்டு உறிஞ்சுகிறது. நர்ஸாக வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை.

அந்தச் சனிக்கிழமை அல் கூஸில் ஒரு மைதானத்தில் டியூட்டி. ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் விடுமுறையில் கூடி அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுவார்கள். பேர்தான் ஃபுட்பால், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிறவனை எதிரணி மோதிச் சாய்க்க வேண்டும். அடிபட்டால் பார்க்க எங்கள் கிளினிக்கின் ஆம்புலன்ஸ், அதை ஓட்டும் கீழக்கரை காதர் பாய், நான். முந்தின நாள் முழுக்க மழை. புல்லுக்கடியில் மண் கூழாகிக் கிடந்தது. ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களோ சேற்றைக் கண்டு குஷியாகிவிட்டார்கள்.

டேனியல் என்ற அமெரிக்க இளைஞன் பந்தோடு வழுக்கி மல்லாந்து விழ, மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். அவர்கள் எழுந்தார்கள். அவன் எழவில்லை. ஓடிப்போய்க் குனிந்தேன். “என் கால்கள் எங்கே?” என்றான் ஆங்கிலத்தில்.

ஆட்டத்துக்காக அவன் போட்டிருந்த ஹெல்மெட்டைக் கழற்றாமல், சேற்றில் முழங்காலிட்டு, அவன் தலையை இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வண்டியின் சக்கரம் மைதானத்து வாசலிலேயே புதைந்துவிட்டது. வேறு வண்டிக்குச் சொல்லியிருந்தார்கள். திரும்பவும் மழை பிடித்தது. காதர் பாய் குடை பிடித்தார்.

“சிஸ்டர், மத்த வண்டி சுரங்கப்பாதைத் தண்ணியில நிக்கிதாம். கொஞ்ச நேரம் நான் புடிக்கவா?”

“வேணாம் பாய். கை மாத்தினா கழுத்து ஆடிரும்.”

நான் பள்ளியில் படித்தபோது சித்தப்பா புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்தார். நல்லவர்கள்தான், பதறிப்போய்க் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வேனில் போட்டார்கள். சாகும்வரை அவர் கட்டிலைவிட்டு எழவில்லை. தலையைத் தாங்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

“அசையாதீங்க தம்பி, அசையாதீங்க” என்று என்னையறியாமல் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். டேனியல் என் கண்ணைப் பார்த்து, “பிரார்த்தனையா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “நிறுத்தாதீர்கள்” என்றான். வண்டி வரும்வரை நிறுத்தவில்லை.

அவனுக்குக் கைகள் மிஞ்சின. கால்களில் உணர்வு திரும்பவில்லை.

ஊரிலிருந்து வந்த அவன் அம்மா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, மகன் சொல்லித் தெரிந்துகொண்ட அந்தப் பிரார்த்தனையைக் கற்றுக்கொடு என்றார். அர்த்தம் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. படுத்திருந்த மகனின் நெற்றியில் கைவைத்து, “அசையாதீங்க, அசையாதீங்க” என்று மழலையாகச் சொன்னார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அவனை விமானத்தில் ஏற்றும் நாளில் எங்கள் வண்டியில்தான் கொண்டுபோனோம். “நான் வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் எப்போது?” என்று கேட்டான்.

“லீவு கிடைத்ததும்.”

“லீவில் போகிற இடம் எப்படி வீடாகும்?” என்றான். குத்திக்காட்டவில்லை, அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அதற்குள் அவனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

“ரூமுக்குத்தானே சிஸ்டர்?” என்றார் காதர் பாய்.

“ஆமா பாய். ரூமுக்கு.”

காலி ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்கண்ணாடியில் ஒரு விமானம் கடல் பக்கமாகத் திரும்பி மேலேறியது. அது எந்த ஊருக்கோ. வண்டி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. நான் பின்பக்கம் பார்த்தபடியே இருந்தேன்.