எல்லாவற்றையும் தொடங்குகிற தேவயானி

‘ஐ ஸ்டார்ட் டு சிட்’ என்று சொல்லிவிட்டுத்தான் தேவயானி பஸ்ஸில் உட்காருகிறார். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே நடப்பதையெல்லாம் அவர் தொடங்கி வைத்துவிடுவார். கௌ ஸ்டார்ட்ஸ் டு ஈட். டிராக்டர் ஸ்டார்ட்ஸ் டு டர்ன். கண்டக்டர் ஸ்டார்ட்ஸ் டு ஷவுட்.

கடைசி வாக்கியம் கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது. “ஏங்க்கா, நான் எங்க கத்துனேன்?”

“இன்னும் கத்தலப்பா. ஆரம்பிக்கிறன்னுதான் சொன்னேன்.”

வயது நாற்பத்தைந்துக்கு மேல். சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். கணவர் அரியமுத்து அதிகம் பேசாதவர். வீட்டுக்கான மொத்தப் பேச்சும் இவர் தலையில் விழுந்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியொன்றில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். நர்ஸ் வேலைக்கும் துபாய்க்கும் போகிற இளசுகளுக்கு நடுவில், மடியில் ஒயர் கூடையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். டீச்சர் நர்மதா கல்லூரி முடித்த கையோடு வந்த பெண். ஒரு வேலையைத் தொடங்குவதை எப்படிச் சொல்வது என்று அவள் நடத்திக்கொண்டிருந்தபோது சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. வகுப்புக்குப் பூட்டு விழுந்தது. தேவயானியின் கையில் மிஞ்சியவை ஸ்டார்ட், பிகின், அதற்குப் பின்னால் ஒரு ‘டு’, அதற்கும் பின்னால் உலகத்து வேலைகள் அத்தனையும்.

“அந்தப் புள்ள ஆரம்பத்துலயே வுட்டுட்டுப் போயிருச்சு. நானும் ஆரம்பத்த வச்சே காலத்த ஓட்டுறேன்” என்பார்.

அதிலும் அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. சோறு வடிப்பது, தலை சீவுவது, பாத்திரம் விளக்குவது எல்லாம் ஸ்டார்ட். மழை, கல்யாணம், நாத்தனார் சண்டை இவையெல்லாம் பிகின். வெளிநாட்டில் பல வருடமாக இங்கிலீஷில் பிழைக்கிற நான், விடுமுறைக்கு வந்த இடத்தில், அப்படியொரு வித்தியாசம் கிடையாதே என்று இழுத்துப் பார்த்தேன். “மழையும் சோறும் ஒண்ணா? உங்க ஊர்ல எப்படியோ, நம்மூர்ல இல்லப்பா” என்றார். எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் என்னை அவர் எப்போதும் இப்படித்தான் திருத்துவார்.

அவர் இங்கிலீஷ் படிக்கப் போனதற்குக் காரணம் கொழுந்தனார் குருமூர்த்தி. எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு வேலையைப் பாதியில் இருப்பதாகச் சொல்வதில்லை. செருப்பைத் தேடிக்கொண்டே போனில் “டவுனத் தாண்டிட்டேன்” என்போம். கேட்கிறவரும் அதைக் கேட்ட பிறகுதான் குளிக்கவே போவார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. குருமூர்த்தி இதே பழக்கத்தைச் சரளமான இங்கிலீஷில் சிங்கப்பூர் வரைக்கும் கொண்டுபோனார். அங்கே வெங்காயம் வாங்குகிற லிம் என்பவரிடம், லாரியே வராத நாளில் “லோடட் சார்” என்றார். அந்த மனிதர் அதை அப்படியே நம்பி, கப்பலில் இடம் பிடித்துவைத்தார். இரண்டு முறை கப்பல் வெங்காயம் இல்லாமல் போயிற்று. கொழுந்தனார் போனில் என்னதான் சொல்கிறார் என்று தானே தெரிந்துகொள்ளத்தான் தேவயானி வகுப்புக்குப் போனார்.

மூன்றாவது முறை இந்த ஐப்பசியில். ஆறு குடும்பத்து வெங்காயம் பட்டறையில் இருந்தது. அடியில் காற்று புகுந்து போகிற மாதிரி கல்லும் மூங்கிலும் பரப்பி, வெங்காயத்தை உயரமாகக் குவித்து, மேலே கீற்று வேய்ந்து காப்பதுதான் பட்டறை. வெயில் காலத்தில் மாதக்கணக்கில் தாங்கும். ஈரக்காற்று தொடர்ந்தால் முளைவிட்டுவிடும். அந்த வாரம் ஏற்றாவிட்டால் ஆறு குடும்பத்து உழைப்பும் குப்பைக்குத்தான். லிம் இந்தத் தடவை வீடியோவில் கூப்பிடுவதாகவும், பதில் சரியில்லை என்றால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தார்.

அவர் கூப்பிடுகிற நேரத்தில் லாரி அப்போதுதான் வெங்காயக் காட்டுக்குள் திரும்பியிருந்தது. குருமூர்த்தி இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக நின்றார்.

“அண்ணி, ஏத்திட்டோம்னு சொல்லிப்புடறேன். சாயங்காலத்துக்குள்ள ஏத்தத்தானே போறோம்?”

“நான் வேணா பேசட்டுமாக்கா?” என்றேன். நல்ல இங்கிலீஷில் நான்கு வாக்கியங்களை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

“நீ பேசுனா அவருக்கு உன்னத்தான் தெரியும். அடுத்த வாரம் பிளேன் ஏறிடுவ.” பிறகு கொழுந்தனாரிடம் கையை நீட்டினார். “போனக் குடுங்க தம்பி.”

திரையில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் தெரிந்தார். ஏற்றியாயிற்றா என்று கேட்டார்.

“நோ சார். நாட் லோடட்.”

குருமூர்த்தி நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

“வீ பிகின் டு ஓப்பன்” என்று சொல்லி, தேவயானி போனைப் பட்டறைப் பக்கம் திருப்பினார். மேலே இருந்தவர்கள் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே கீழே தரம் பிரிக்கிற பெண்களின் கைகளைக் காட்டினார். “தே ஸ்டார்ட் டு கிளீன்.” பிறகு, கேட்காமலே, சாரல் அடித்த மூலைக்குப் போனார். அங்கே கொஞ்சம் வெங்காயம் பச்சையாகத் தலைநீட்டியிருந்தது. “சம் ஆனியன் ஸ்டார்ட்ஸ் டு க்ரோ. திஸ், லாரி, நோ.”

அவர் கூட்டாளி அம்மாக்கண்ணு பின்னாலிருந்து புடவையை இழுத்தார். “ஏன்டி, அதப் போயிக் காட்டுற?”

“அவரு வூட்டுல போயி முளைச்சா அப்ப என்னடி சொல்லுவ?”

லிம், எப்போது முடியும் என்று கேட்டார். முடிப்பதற்கான வார்த்தை தேவயானியிடம் கிடையாது. வானத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார்.

“சிக்ஸ் ஓ கிளாக். லாரி பிகின்ஸ் டு கோ.”

லிம் சிரித்தார். ஆறு மணி வரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். பிறகு அவர் சொன்னதைக் குருமூர்த்தியேதான் எல்லாருக்கும் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. “இனிமே அண்ணிதான் பேசணுமாம்.”

“அப்ப நீங்க சும்மாதானே இருக்கீங்க” என்று தேவயானி ஒரு கூடையைத் தூக்கி அவர் தோளில் வைத்தார். இஸ்திரிச் சட்டை முழுக்கச் சருகு ஒட்டியது. “இந்த இங்கிலீஷ்காரத் தம்பிக்கும் ஒண்ணு குடுங்கடி” என்றார் அம்மாக்கண்ணு. எனக்கும் வந்தது. அரியமுத்து லாரி மேலே நின்று மூட்டைகளை வாங்கி அடுக்கினார். மத்தியானம் ஒரு தூறல் போட்டபோது மட்டும் எல்லாரும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சாப்பாட்டுக்கு யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் கடைசி மூட்டை ஏறியது. மணி ஆறாவதற்குள் கயிறு கட்டி முடித்து, டிரைவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு உறுமியது. தேவயானி சிங்கப்பூருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஹலோ கேட்டதும் கையை நீட்டி, போனை லாரியின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.