ஆளில்லா வீட்டுப் படலையிலும் குரல் கொடுத்தவர்

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டு நிறைகிறது. "எங்கள்" என்று எழுதிவிட்டேன். இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். அச்சுத்தாள் கிடைக்காத காலமாகையால் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சிட்ட இச்சிறு மலரை, அவரை அறிந்த உங்கள் கைகளில் வைக்கிறேன்.

அண்ணா உடுப்பிட்டியில் எம் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் தகப்பனார் காலமானபோது அவருக்குப் பதினெட்டு வயது. படிப்பை அத்தோடு நிறுத்தி, தெற்கே ஒரு தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காவுக்குக் கல்யாணம் செய்து வைத்தார், என்னை ஆசிரியையாக்கினார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. அக்கா பின்னாளில் பிள்ளைகளுடன் கனடா போய்விட்டார்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின்பின் அண்ணா கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. பல நாட்கள் எவரோடும் கதைக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தாமாகவே சொன்னார்:

"தெற்கிலை அந்த ஒழுங்கையிலை பதினாறு வருசம் இருந்தனான், பிள்ளை. சனம் கத்திக்கொண்டு வரேக்கை, உதவிக்குக் கூப்பிட ஒரு பேர் எனக்குத் தெரியேல்லை. அவையளுக்கும் என்ரை பேர் தெரியாது."

எங்கள் ஒழுங்கையின், இந்தச் சிறு தெருவின், முன்னேற்றச் சங்கம் அந்தச் சொல்லிலிருந்துதான் பிறந்தது. பெரியப்பாவின் மகனான பெரியண்ணா தலைவர், அண்ணா செயலாளர். கிணறுகளுக்கு மருந்து போட்டார்கள். வாசிகசாலைக்குப் பக்கத்தில் பதுங்குவதற்குப் பங்கர் வெட்டி, தென்னங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டார்கள். தைப்பொங்கலுக்கு கண்ணைக் கட்டி முட்டிப்பானை உடைத்தலும் மெதுவான சைக்கிள் ஓட்டமும் நடந்தன. அண்ணா தம் பங்குக்கு ஒரு பேர்க் கொப்பி எழுதினார். எந்த வீட்டில் யார் யார், யாருக்குக் காது கேளாது, யாரால் நடக்க முடியாது, எங்கே கைக்குழந்தை இருக்கிறது, எல்லாம் அதில் இருந்தது. குண்டுபோடும் பொம்மர் விமானம் வந்து போனதும் அந்தக் கொப்பியோடு புறப்படுவார். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்று, "எல்லாரும் சுகமோ?" என்பார். "ஓம் அண்ணை, சுகம்" என்று பதில் வந்த பிறகே அடுத்த வீட்டுக்குப் போவார்.

தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. சிலர் கொழும்புக்கு, சிலர் கடல் கடந்து. பூட்டிய படலைகளிலும் அண்ணா நின்று கூப்பிட்டார். எனக்கு அது வெட்கமாக இருந்தது.

"பூட்டிக் கிடக்கிற வீட்டிலை ஆரைக் கூப்பிடுறியள், அண்ணை? சனம் பாத்துச் சிரிக்குது."

"ஆள் இல்லையெண்டு நாங்கள்தானே நினைக்கிறம்" என்றார்.

ஒருநாள் காலை, குண்டு விழுந்து ஓய்ந்தபின், லண்டனுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பூட்டிய வீட்டு முன்னால் நின்று அவர் வழமைபோலக் கூப்பிட, உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"ஐயா, இஞ்சை ஒராள் காயப்பட்டுக் கிடக்கிறார்."

மயிலிட்டிக் கடற்கரையின் மீன்பிடி ஊரிலிருந்து இடம்பெயர்ந்து, பின்வேலியால் நுழைந்து, இரண்டு நாளாகச் சத்தமின்றி இருந்த குடும்பம் அது. கணவர் இராசனின் தொடையில் வழியில் பட்ட ஷெல் துண்டு. துரத்திவிடுவார்கள் என்ற பயத்தில் அவர்கள் வாய் திறக்கவில்லை. அண்ணா மாட்டுவண்டி பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். திரும்பி வந்து, மனைவி பிள்ளைகளின் பெயர்களைக் கொப்பியில் எழுதினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் பெரியண்ணா எழுந்து நின்றார்.

"லண்டன்காரர் வீட்டைப் பூட்டித் திறப்பை என்னட்டை நம்பித் தந்திட்டுப் போனவை. கடற்கரைச் சனத்தை உள்ளுக்கை இருத்தினால் நான் அவைக்கு என்ன பதில் சொல்லுறது? பங்கருக்கையும் அவையளோடை ஒண்டா இருக்கச் சொல்லுறியோ?"

"பங்கருக்கை இடம் இருக்கு. கொப்பியிலை பேர் எழுதியாச்சு. அழிக்கிறதெண்டால் நீங்களே அழியுங்கோ" என்று அண்ணா கொப்பியை நீட்டினார்.

பெரியண்ணா அதை வாங்கவில்லை. வெளியே போனார். அவரோடு முக்கால்வாசிப் பேர் போனார்கள்.

இங்கே என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் எல்லோரையும் பகைத்துவிட்டு நாளைக்கு யாரோடு வாழ்வது என்று நானும் அண்ணாவோடு கோபித்தேன். இரண்டு நாட்கள் ஒரே வீட்டில் இருந்தும் நான் அவரோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அவர் உண்ட சாப்பாட்டுக் கோப்பையைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் இருவர்தான். ஒருவர் காது கேளாத தச்சுத் தொழிலாளி. மற்றவர் ஊன்றுகோலுடன் வந்த இராசன். அண்ணா எழுந்து நின்று சென்ற கூட்டத்து அறிக்கையை ஒரு வரி விடாமல் வாசித்தார். தேநீர் கொண்டுபோன நான் வாசலில் நின்று கேட்டேன். சபை நிறைந்திருப்பது போலத்தான் வாசித்தார்.

அதன்பின் சில வீடுகளில் ஆட்கள் இருந்தும் அவர் குரலுக்குப் பதில் வருவதில்லை. அடுக்களைப் புகையைப் பார்ப்பார். புகை தெரிந்தால் கொப்பியில் அடையாளம் போட்டுக்கொண்டு நகர்வார். பெரியண்ணா வீட்டிலும் அப்படித்தான். கூப்பிடாமல் ஒருமுறைகூட அந்தப் படலையைத் தாண்டிப் போனதில்லை. வீடு திரும்பினால், முன்போல யார் என்ன சொன்னார்கள் என்று சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது. பற்றரி கிடைக்காததால் வானொலியும் இல்லை. கைகளை மடியில் வைத்தபடி இருப்பார்.

சென்ற ஆண்டு ஒரு பின்னேரம், குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சு நோகுது என்றார். இராசன் அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடினார். பாதி வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

தகவல் கிடைத்ததும் சாவகச்சேரியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து இறுதிக் கடமைகளைச் செய்த மாமாவின் மகனுக்கும், பாடை கட்டித் தந்த தச்சுத் தொழிலாளிக்கும், காலை இழுத்து இழுத்துச் சுடலைவரை சுமந்த இராசனுக்கும், எட்டு நாளும் என்னோடு இருந்து எனக்குச் சமைத்துத் தந்த அவர் மனைவிக்கும், கடிதத்தில் அழுத அக்காவுக்கும் என் நன்றி.

செத்த வீட்டன்று படலைவரை வந்து, வேலிக்கரையில் சிறிது நேரம் நின்று, திரும்பிப் போன பெரியண்ணாவுக்கும் நன்றி. நான் உங்களைக் கண்டேன். எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை. என் அண்ணாவாக இருந்தால் கூப்பிட்டிருப்பார்.

தங்கை
உடுப்பிட்டி