தமயந்தி அக்காவின் தீவு

கொடைக்கானலில் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு சின்னக் கடை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். பஷீர் பாய் என்றால் எல்லா ஆபீஸ் வாசலிலும் தெரியும். இந்தக் கதையில் வருகிற ஆபீஸின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். நாளைக்கும் எனக்கு அங்கேதான் சோலி.

தமயந்தி அக்கா பக்கத்துப் பள்ளங்கி கிராமத்துக்காரர். ஒரு பள்ளிக்கூட விடுதியில் இருபத்திரண்டு வருஷம் சமையல் செய்தவர். வேலையை விட்டபோது கைக்கு வந்ததை முழுவதும் போட்டு ஊருக்குக் கீழே ஓடையோரம் கொஞ்சம் நிலம் வாங்கினார். அங்கே ஓடை இரண்டாகப் பிரிந்து, ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு, மறுபடி ஒன்றாகச் சேரும். ஊரில் அதைத் தீவு என்பார்கள். அந்த மேட்டில் மூன்று அறை கட்டி, ஒரு மரப்பாலம் போட்டு, வருகிறவர்களுக்குத் தன் கையால் சமைத்துப் போட்டு ஒரு ரிசார்ட் நடத்த வேண்டும். அக்காவின் ஆசை அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான்தான் சொல்கிறேன். ஆபீஸில் சொல்ல மாட்டார்கள். கட்டட அனுமதிக்குப் போனால் ஒரு கடிதம் கேட்டார்கள். அதைக் கொண்டுபோனால் இன்னொரு கடிதம். இரண்டையும் கொண்டுபோனால் முதல் கடிதம் காலாவதி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா நிதானமாக, "விடுங்க பாய், இன்னொண்ணு எழுதுங்க" என்பார்.

ஒரு நாள் ஃபைல் மொத்தமாகத் திரும்பி வந்தது. சர்வே படத்தில் ஓடை ஒன்றுதான், நிலத்தில் இரண்டு ஓடுகிறதே என்று கேட்டிருந்தார்கள். நடுவில் உள்ள மேடு ஓடைப் புறம்போக்காக இருக்கலாம், அளந்து தெரிவிக்கவும். அன்றைக்குத்தான் அக்காவின் முகம் செத்துப்போனது. புறம்போக்கு என்று எழுதிவிட்டால் ரிசார்ட் மட்டுமல்ல, இருபத்திரண்டு வருஷ உழைப்பும் ஓடையோடு போய்விடும்.

அளக்க வந்த சர்வேயர் ராஜமுருகன் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அதிலேயே எனக்குப் பாதிச் சந்தேகம். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். இக்கரையில் இரண்டு எல்லைக்கல் கிடைத்தன. மூன்றாவது மேட்டின் மேல் இருக்க வேண்டும். இருந்தால் மேடு அக்காவுடையது. மத்தியானம் வரை புதரெல்லாம் வெட்டிப் பார்த்தோம். கல்லைக் காணோம்.

"கணக்குப்படி இந்த மரத்தடியிலதாம்மா நிக்கணும். மழையில போயிருக்கும். கல்லு இல்லாம நான் எப்படி எழுதுறது?" என்று சர்வேயர் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார்.

மரத்தடியில் கன்னிமார் சாமி இருந்தது. முழங்கால் உயரக் கல். மஞ்சளும் எண்ணெயும் விரல் கனத்துக்கு ஏறியிருந்தன. பக்கத்துத் தோட்டத்துக் கந்தவேல் பூண்டு நடுவதற்கு முன் அதற்குத்தான் பொங்கல் வைப்பார். காலையிலிருந்து நாங்கள் எல்லோரும், சர்வேயர் உட்பட, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றித்தான் தேடினோம்.

அக்கா அந்தக் கல்லையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேடிக்கை பார்க்க வந்திருந்த கந்தவேலிடம் கேட்டார்.

"அண்ணே, இந்தச் சாமிய யாரு வச்சது?"

"யாரும் வைக்கல தாயி. அதுவா நின்னுச்சு. எங்கய்யா காலத்துலேர்ந்து மஞ்ச பூசுறோம்."

சர்வேயர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "எல்லைக்கல்லுன்னா தலையில அம்புக்குறி இருக்கும், சொரண்டிப் பாக்கணும். ஆனா நான் கை வைக்க மாட்டேன், எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று அவர் இரண்டடி பின்னால் போனார்.

"சாமி தலையில சொரண்டுறதா? நடக்காது" என்றார் கந்தவேல்.

"சொரண்டலண்ணே. குளிப்பாட்டுறேன். அபிஷேகம் பண்ணக் கூடாதா?"

கந்தவேல் யோசித்தார். அபிஷேகத்தை எப்படி வேண்டாம் என்பது? அவரே வீட்டுக்குப் போய்ப் பாலும் சீயக்காயும் கொண்டுவந்தார். நான் ஓடையில் தண்ணீர் மோந்து கொடுக்கக் கொடுக்க, அக்கா தேய்த்துத் தேய்த்து ஊற்றினார். நாலு குடம் மஞ்சளாகவே ஓடியது. ஐந்தாவது குடத்தில் கல்லின் தலையில் ஒரு கோடு தெரிந்தது. ஆறாவதில் அம்புக்குறி முழுசாகத் தெரிந்தது. எல்லைக்கல்லேதான். அளந்தால் ஒரு விரல்கூட மாறவில்லை.

கந்தவேலுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப இது சாமி இல்லீங்களா?"

"சாமி இல்லேன்னா இத்தனை வருசத்துல யாராச்சும் பிடுங்கிப் போட்டிருப்பாங்கய்யா" என்றார் சர்வேயர். அதைக் கேட்டபிறகுதான் கந்தவேல் மறுபடி மஞ்சளைக் குழைத்தார். தலையை விட்டுவிட்டுச் சுற்றிலும் பூசினார்.

இரண்டு மாதத்தில் அனுமதி வந்தது. வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். கவுண்டரில் இருந்தவர் அக்காவையும், அவர் கட்டியிருந்த நூல் சேலையையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஓனர் வரலையா? அவரு கையெழுத்துல்ல வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாந்தேன் சார் ஓனர்."

பேனாவை வாங்கி, அவசரப்படாமல், முழுப் பெயரையும் எழுதினார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தவர் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

"என்னக்கா இது, எல்லாந்தேன் முடிஞ்சிருச்சே" என்றேன்.

"முடிஞ்சிருச்சுல்ல பாய். அதேன் அழுகுறேன்" என்றார்.