தலையாட்டாத வகுப்பு

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில்தான் செய்தி வந்தது. பாடசாலையிலிருந்து கௌசல்யா டீச்சர் போன் எடுத்தாள். எப்போதும் "அத்தை, கூடையில கொழுந்து இருக்கா, இல்ல வாய் மட்டும்தானா?" என்று தொடங்குகிறவள், அன்று அந்தக் கேலியை விட்டுவிட்டாள். "ஹமீது சேர் மௌத்தாயிட்டாராம் அத்தை. பின்னேரத் தொழுகைக்கு முன்னாடியே பதுளையில அடக்கமாம்" என்றாள்.

கணக்கப்பிள்ளை, "இப்ப எறங்கிப் போனா அரைப்பேர்தான் போடுவேன், அரைநாள் சம்பளம்தான் லெச்சுமி" என்றார். "பேரே போடாட்டியும் பரவால்ல, நான் எங்க சேரைப் பார்க்கப் போறேன்" என்று கூடையை அவர் காலடியில் வைத்தேன். எந்த சேர் என்று கேட்டார். சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் மகளும் எங்கள் பாடசாலையில் படித்தவள்தான்.

கௌசல்யாவும் நானும் ஹல்துமுல்லையில் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்த வீட்டு வாசலில் ஊவா மாகாணத்தின் பாதி டீச்சர்மார் நின்றார்கள். எல்லாம் எனக்குப் பழகிய முகங்கள். சேருக்கான இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பலருக்கும் என்னைத் தெரியும். எனக்குப் படிப்பிக்க முடியாமல் வியர்த்து விறுவிறுத்துப் போனவர்கள்தானே நீங்கள்! மறந்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள், நான் ஒருவரையும் மறக்கவில்லை.

பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்களுக்காகச் சொல்கிறேன். ஹமீது சேர் ஆரம்பப் பிரிவுக்கு ஆசிரிய ஆலோசகராக இருந்தவர். பதுளை பஜாரில் அவர் வாப்பாவுக்குப் புடவைக்கடை. கல்லாவில் நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டியவர், அதை விட்டுவிட்டுத் தோட்டம் தோட்டமாக ஏறி, வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து, டீச்சர்மாருக்கு எப்படிப் படிப்பிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவுக்கு ஏறி வந்தால் ஆள் பாதி வழியில் நின்றுவிடுவார். "என்ன சேர், நீங்க மலையில ஏறுறீங்களா, மலை ஒங்க மேல ஏறுதா?" என்று கேட்பேன். "முறை போட்டு ஏறுறோம், லெச்சுமி" என்பார்.

அவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு ஜன்னலால்தான். மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லப் பாடசாலைக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரு டீச்சர் கடல் அலையைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தார். முடிவில் "வெளங்குச்சா?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒரே குரலில் "ஆமாங்க டீச்சர்" என்றார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கே வெளங்கலையே டீச்சர், கடலைக் கண்ணால பார்க்காததுகளுக்கு எப்படி வெளங்கும்?" என்றேன். வகுப்பே சிரித்தது. கடைசி வாங்கிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து வந்தார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன்.

"சனிக்கிழமை வேலை இருக்கா?" என்று கேட்டார்.

"ஏன் சேர்?"

"பண்டாரவளையில டீச்சர்மாருக்குப் பயிற்சி வைக்கிறேன். படிப்பிச்சுப் பழக ஒரு பிள்ளை வேணும். வெளங்காட்டி வெளங்கலன்னு சொல்ற பிள்ளை. இந்த ஜில்லாவிலேயே இப்பத்தான் ஒன்னைக் கண்டிருக்கேன்."

மூன்றாம் வகுப்போடு பாடசாலையை விட்டு நின்றவள் நான். அந்தச் சனிக்கிழமையிலிருந்து மறுபடியும் பிள்ளையானேன். சின்ன வாங்கில் நான் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது வாங்கும் கூடவே வரும். சேர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு சட்டம்: "வெளங்காம தலையாட்டக் கூடாது."

கேட்க லேசாக இருக்கும். தோட்டத்தில் நாங்கள் தலையாட்டியே பழகியவர்கள். துரை இங்கிலீஷில் சொன்னாலும் ஆட்டுவோம், ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் சொன்னாலும் ஆட்டுவோம். லயத்து வரிசை வீட்டுக்கு வந்த பிறகுதான் "என்னடி சொன்னாங்க?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்போம். எங்கள் பிள்ளைகளும் அந்தக் கழுத்தோடுதான் முதலாம் வகுப்புக்கு வருகின்றன என்று சேர் சொல்வார். "வெளங்குச்சான்னு கேட்கவே கேட்காதீங்க. கேட்டா ஆமான்னுதான் பதில் வரும். செஞ்சு காட்டச் சொல்லுங்க" என்று பயிற்சிக்கு வந்த டீச்சர்மார் எல்லோரிடமும் சொன்னார். அந்தக் கேள்வியை வாய்தவறிக் கேட்டுவிட்டால், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். திட்டமாட்டார். கண்ணாடி துடைபடுவதே போதும்.

ஒருநாள் உயரமான ஒரு சேர் எனக்கு மழை எப்படி உண்டாகிறது என்று படிப்பித்தார். தண்ணீர் ஆவியாகி மேலே போகிறதாம், பிறகு கீழே வருகிறதாம். "எங்க மலையில வந்துக்கிட்டேதானே சேர் இருக்கு, அது எப்ப மேல போகும்?" என்று கேட்டேன். பாவம், சோக்கட்டியைக் கீழே போட்டுவிட்டார். அடுத்த சனிக்கிழமை கேத்தல், அடுப்பு, மூடி எல்லாம் சுமந்துகொண்டு வந்து கொதிக்கவைத்துக் காட்டினார். மூடியில் சொட்டிய தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மீதியில் எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம். அவர் இன்று ஒரு பாடசாலையின் அதிபர். பெயர் சொல்லமாட்டேன். இதை வாசிக்கும்போது யாருடைய காது சிவக்கிறது என்று பார்த்து நீங்களே கண்டுபிடியுங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் பெரிய கதை. எங்கள் பாடசாலையை மூடுவதாகப் பேச்சு வந்தது. தை மாதம் முதலாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் சேராவிட்டால், கீழ்ப்பிரிவுப் பாடசாலையோடு சேர்த்துவிடுவார்களாம். வசதி உள்ளவர்கள் அதற்கு முன்பே பிள்ளைகளை வேனில் டவுனுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். வசதி இல்லாத பிள்ளைகள் ஓடையைத் தாண்டித்தான் கீழே போகவேண்டும். மழைக்காலத்தில் அந்த ஓடையைப் பெரியவர்களே தாண்டமாட்டோம். பாடசாலை மூடினால் அந்தப் பிள்ளைகளின் படிப்பும் நின்றுபோகும்.

அந்த நேரத்தில்தான் கௌசல்யா எங்கள் பாடசாலைக்கே டீச்சராக வந்திருந்தாள். என் பக்கத்து வீட்டுப் பிள்ளை, என் இடுப்பில் வளர்ந்தவள். "நம்ம கண்ணு முன்னாடி மூக்கொழுகித் திரிஞ்சவ, இவ என்னத்தைப் படிப்பிப்பா?" என்று லயத்தில் எல்லோரும் பேசினார்கள். சேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய் தகப்பன்மாரை எல்லாம் மண்டபத்துக்குக் கூப்பிட்டார். "பிரசங்கம் வேணாம். கௌசல்யா பாடம் நடத்தட்டும், லெச்சுமி பிள்ளையா இருக்கட்டும். பார்த்துட்டு அவங்களே முடிவெடுக்கட்டும்" என்றார்.

அன்று விடிந்ததும் கௌசல்யா என் வீட்டுக்கு வந்தாள்.

"அத்தை, இன்னைக்கு மட்டும் வெளங்கிருச்சுன்னு சொல்லிருங்க. ஒங்க காலைப் புடிக்கிறேன்."

"காலை விடுடி, சேறா இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன்.

பாடம், வீட்டின் கிடைப்படம் வரைவது. கௌசல்யா கரும்பலகையில் ஒரு பெட்டி போட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்தாள். "இது நம்ம லயத்து வீடு. மேலருந்து பார்த்தா இப்படித்தான் இருக்கும்."

"மேலருந்து பார்த்தா தகரம்தானே தெரியும்? கூரை எங்க டீச்சர்? காத்துல போனது இன்னும் திரும்பி வரலையா?"

சனம் சிரித்தது. அவள் திரும்ப வரைந்தாள், திரும்பச் சொன்னாள். எனக்குச் சத்தியமாக விளங்கவில்லை. சுவரே இல்லாமல் கோடுதான் வீடு என்கிறாளே! வேனுக்குப் பேசி வைத்திருந்த ஒரு தகப்பன் வாசலில் கைகட்டி நின்று, "வளந்த பொம்பளைக்கே வெளங்க வைக்க முடியல, நம்ம புள்ளைக்கா வெளங்க வைக்கப் போகுது?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. கௌசல்யா என்னைப் பார்த்தாள். பயத்தில், கேட்கவே கூடாத அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"வெளங்குச்சா அத்தை?"

தலையாட்டினால் போதும். பாடசாலை தப்பும், கௌசல்யாவும் தப்புவாள். கழுத்து ஆடத் தயாராகிவிட்டது. கடைசி வாங்கைப் பார்த்தேன். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெளங்கல டீச்சர்" என்றேன்.

கௌசல்யா ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். பிறகு சோக்கட்டியை வைத்துவிட்டு வெளியே போனாள். அழப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் பெட்டி, பெரிய அட்டைப் பெட்டி. எங்கள் எல்லோர் முன்னாலும் அதில் வாசல் வெட்டினாள். நடுவில் ஓர் அட்டையைச் செருகினாள். தீப்பெட்டியைக் கட்டில் என்று ஒரு பக்கம் வைத்தாள், போத்தல் மூடியை அடுப்பு என்று மறுபக்கம் வைத்தாள். பெட்டியை மூடினாள்.

"மேலருந்து பாருங்க. என்ன தெரியுது?"

"கூரை."

"இப்ப அதைத் தெறந்துட்டுப் பாருங்க."

திறந்தேன். "அடியே, என் வீடுடி!" என்று கத்திவிட்டேன். டீச்சர் என்று கூப்பிட மறந்துபோனது.

"பார்த்ததைத் தரையில வரைங்க அத்தை" என்று சோக்கட்டியை நீட்டினாள். முழங்காலிட்டு சிமெந்துத் தரையில் என் வீட்டை வரைந்தேன். வாசல், கட்டில், அடுப்பு, ஒழுகுகிற இடத்தில் வைக்கிற வாளி, ஒன்றும் விடவில்லை. நிமிர்ந்தால், வேன் பேசிய தகப்பன் பக்கத்தில் குந்தியிருக்கிறார். "தள்ளுங்கக்கா, எங்க வீட்டுல அடுப்பு இந்தப் பக்கம்" என்று சோக்கட்டியைப் பிடுங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மண்டபத் தரை முழுக்க வீடுகள். காலை எங்கே வைத்தாலும் யாராவது ஒருவர் "ஐயோ, என் குசினி!" என்று சத்தம் போட்டார்கள்.

தை மாதம் முதலாம் வகுப்புக்கு வாங்கு போதவில்லை. வேன்காரர் எங்கள் பிரிவுக்கு ஏறுவதையே விட்டுவிட்டார். டீச்சர்மாருக்கான வழிகாட்டிப் புத்தகம் எழுத உதவியபோது சேர் அந்தப் பிஸ்கட் பெட்டியையும் அதில் ஏற்றிவிட்டார். பூனாகலைத் தோட்டத்திலும் இன்று பிள்ளைகள் பெட்டிக்கூரையைத் திறந்து பார்க்கின்றன.

அந்த ஞாயிறு மலை இறங்கும்போது கேட்டேன், "நான் தலையாட்டியிருந்தா என்ன சேர் ஆகியிருக்கும்?"

"அன்னைக்குப் பாடசாலை தப்பியிருக்கும் லெச்சுமி. கௌசல்யா டீச்சராகியிருக்க மாட்டா."

பதுளையில் அடக்கத்துக்கு ஆண்கள் போனபின், பெண்கள் உள்ளே சேருடைய மனைவியோடு இருந்தோம். அந்த அம்மா என் கையைப் பிடித்து, யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அழுத கண்ணோடு நிமிர்ந்து, "வெளங்காத லெச்சுமி நீங்கதானா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் திகைத்துப் பார்த்தார்கள். சேர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆடாத இந்தக் கழுத்துதான். போன கிழமைகூடக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்த நர்ஸ் மிஸ்ஸிடம், "வெளங்கல மிஸ், செஞ்சு காட்டுங்க" என்றேன். என் பின்னால் வரிசையில் நின்ற பெண்களும் அதையே சொன்னார்கள். அந்த மிஸ் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் எங்களுக்குப் பாடசாலைக்கு மேலே இருக்கிற மலையில் வேலை. பனி விலகாத நேரம். கீழே வகுப்பிலிருந்து ஒரு வாண்டின் குரல் கணீரென்று ஏறி வந்தது.

"டீச்சர், எனக்கு வெளங்கல!"

பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவள், "யாருடி அது, ஒன் பேத்தியா?" என்று கேட்டாள்.

"இல்லடி, ஹமீது சேர் புள்ள" என்றேன்.