அக்கா சொன்னால் கேட்பார்கள்

சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் ஆறு லைன்கள். லைனுக்கு நாற்பது தையல் மெஷின், நாற்பது பெண்கள், மேய்க்க ஒரு சூப்பர்வைசர். ஐந்து லைன்களில் சூப்பர்வைசரின் தொண்டைதான் வேலை வாங்கும். நான்காவது லைனில் மட்டும் அதட்டல் சத்தமே கேட்காது. அங்கே இருந்தது அக்கா. வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான்.

பத்தொன்பது வயதில் பட்டன் வைக்க வந்தவர். முதல் ஏழு வருஷம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுகளை எழுதினால் இரண்டு நோட்டு நிரம்பும். சூப்பர்வைசர் ஆன அன்றே, ஒருத்தியையும் வாய்க்கு வந்தபடி பேசுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். திட்டாமல் வேலை வாங்குவது எப்படி என்பதையும் தானே கண்டுபிடித்தார். காலையில் மணி அடிப்பதற்குள் லைனை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். யாருக்குப் பல்வலி, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யாருடைய புருஷன் மறுபடி குடிக்க ஆரம்பித்திருக்கிறான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வீட்டுக்குப் போனால் வாயே திறக்க மாட்டார். "பேச்சு மொத்தத்தையும் அங்கேயே இறக்கி வெச்சுட்டு வந்துட்டியா?" என்று கணவர் கிண்டல் பண்ணுவார்.

ஒருநாள் காலர் தைக்க ஒருத்தி வந்து சேர்ந்தாள். மணிக்கு இருபது காலர்கூடத் தேறாது என்று வேறொரு லைனிலிருந்து தள்ளிவிடப்பட்டவள். அக்கா இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். பின்னால் யாராவது வந்து நின்றால் அவளுக்குக் கை உதறியது. விஷயம் அவ்வளவுதான், அதைப் பார்க்க முந்தின சூப்பர்வைசருக்குக் கண் இல்லை. அவள் முதுகு சுவரைப் பார்க்கும்படி மெஷினைத் திருப்பிப் போடச் சொன்னார் அக்கா. இரண்டு மாதத்தில் அவள் மணிக்கு ஐம்பது காலர் தைத்தாள். அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அந்த வருஷம் ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவர் வந்தார். ஒரு சட்டைக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று லைன் லைனாக அளப்பது அவர் வேலை. வாட்ச்சைக் கண்டால் தையல்காரியின் கை தானாக மெதுவாகிவிடும். இன்று காட்டுகிற வேகம்தான் நாளைக்குக் கட்டாயம். ஐந்து லைன்களும் நூல் அறுந்தது, ஊசி முறிந்தது என்று சாக்குச் சொல்லி ஒப்பேற்றின. அக்காவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் நான்காவது லைனை அளப்பதற்கு முந்தின நாள்தான் மேனேஜர், "உங்க லைன் மாதிரி எதுவும் இல்லன்னு மேலிடத்துல சொல்லி வெச்சிருக்கேன்" என்று அவரைக் குளிர வைத்திருந்தார். பாழாய்ப்போன பெருமை யாரை விட்டது?

"நாளைக்கு என் மானத்தைக் காப்பாத்துங்கம்மா," என்று மட்டும்தான் அக்கா கேட்டார். மறுநாள் நாற்பது பேரும் தலை நிமிராமல் தைத்தார்கள். காலர்காரி அறுபதைத் தொட்டாள்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் எட்டுத் தாள்கள் இருந்தன. இந்த வேகத்துக்கு நான்காவது லைனுக்கு முப்பத்திரண்டு பேர் போதுமாம். கடைசியாகச் சேர்ந்த எட்டுப் பேரை நிறுத்த வேண்டுமாம்.

"அவங்களே ராஜினாமா பண்ற மாதிரி கையெழுத்து வாங்கிடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"என்னால முடியாது சார்."

"அப்ப நாளைக்கு அவங்கள வாட்ச்மேன் கேட்டுலயே மறிப்பான். பிடிச்சுத் தள்ளுவான். அது பரவாயில்லையா உங்களுக்கு?"

அக்கா தாள்களை எடுத்துக்கொண்டார். வாட்ச்மேன் தள்ளுவதைவிட என் வாயால் கேட்பது மேல் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மாட்டேன் என்றால் ஒன்பதாவது தாள் யாருக்கு என்பதும் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. இரண்டில் எது உண்மையான காரணம் என்று அவர் தோண்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மாடிப்படி இறங்கியிருக்க முடியாது.

துணி அடுக்கும் அறைக்குக் காலர்காரியைத்தான் முதலில் வரச் சொன்னார். எட்டுப் பேரில் மறுபேச்சுப் பேசாதவள் அவள். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் காரணம் அதுதான்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா."

என்ன ஏது என்று விளக்க அக்கா வாயெடுப்பதற்குள் அவள் போட்டுவிட்டாள். தாளைப் படிக்கவே இல்லை.

"அது வந்து... நாளையிலேருந்து உனக்கு இங்க வேலை இல்லம்மா. எட்டுப் பேரை நிறுத்துறாங்க."

காலர்காரியின் முகம் வெளுத்தது. பதறிப்போய் அக்காவின் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, உங்களையும் நிறுத்திட்டாங்களாக்கா?"

"இல்ல," என்றார் அக்கா.

பிடித்த கையை அவள் மெதுவாக விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"அடுத்து யாரை வரச் சொல்லட்டும்க்கா?"

அக்கா சொன்னார்.