பூக்காத மனோரஞ்சிதம்

ஆன்சைட் வேலைக்கு அமெரிக்கா போகும் முன், என் கணவர் நர்சரி நர்சரியாக அலைந்து ஒரு மனோரஞ்சிதக் கன்றைத் தேடிப் பிடித்தார். சைனிக்புரி வாடகை வீட்டின் மாமர நிழலில் அதை நட்டுவிட்டுப் போனார். அவர் இல்லாத இரண்டு வருடமும் இலைகள் பச்சைப்பசேலென்று இருந்தன. ஒரு மொட்டுகூட வரவில்லை.

ஒவ்வொரு போனிலும், “செடி பூத்துச்சா?” என்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், “பூத்துடுச்சுங்க. வீடெல்லாம் வாசனை” என்று பொய் சொன்னேன்.

அடுத்த வாரமே வந்து நின்றார். தோட்டத்துக்குப் போக விடாமல் வாசலிலேயே உண்மையைச் சொன்னேன்.

“தெரியும். உன் குரல் கம்மியிருந்துச்சு. அதான் லீவு போட்டு வந்தேன்” என்றார்.

‘ஊருக்கு வாங்க’ என்று கூப்பிட எனக்கு ஏன் அத்தனை நாள் வாய் வரவில்லை என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.